உறங்காப்புளியும் நைட் ஷிப்ட்டும்

ஆழ்வார்திருநகரிக்குப் போகிறவர்கள் ஆதிநாதரைச் சேவித்த கையோடு ஒரு மரத்தையும் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். நம்மாழ்வார் 16 வருஷம் அதன் பொந்தில் அமர்ந்திருந்தார் என்பது மரபு சொல்கிற சேதி. பெயர் உறங்காப்புளி. ராத்திரியிலும் இலை மூடாது என்பது ஐதீகம்.

எனக்கு இதில் பிடித்தது, பெயர் வைத்தவர்களின் கண். மற்ற புளியமரங்கள் தூங்கும் என்று கவனித்தவர்களால்தானே இப்படிப் பெயர் வைக்க முடியும்? இருட்டியதும் ஏதாவது ஒரு புளியமரத்தடியில் நின்று (பேய் பயம் இல்லாதவர்கள் மட்டும்) டார்ச் அடித்துப் பாருங்கள். எதிரெதிர்ச் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகக் கை கூப்பியிருக்கும்.

தசையே இல்லாத மரம் எப்படிக் கூப்புகிறது? ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு போட்டால் மாங்காய் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது அல்லவா? உப்பு எங்கே அதிகமோ அங்கே தண்ணீர் ஓடும். சிற்றிலையின் அடியில் 'பல்வினஸ்' என்று குட்டியாக ஒரு புடைப்பு. அதில் ஒரு பக்கத்துச் செல்கள் பொட்டாசியத்தை வெளியே விடும், பின்னாலேயே தண்ணீரும் போகும், செல் தொய்யும். எதிர்ப்பக்கத்துச் செல்கள் உறிஞ்சிப் புடைக்கும். இலை மடங்கிவிடும். காலையில் இதே வேலை தலைகீழாக.

சூரியன் போனதால் மூடுகிறது என்று நினைப்பீர்கள். பிரான்சில் தெ மைரான் என்பவர் 1729-ல் தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமல் பகலில் விரிந்தது, இரவில் மூடியது. ஆக, கடிகாரம் உள்ளே இருக்கிறது!

நம் செல்களிலும் இருக்கிறது. ஒரு புரதம் இரவில் செல்லுக்குள் சேர்ந்து, தன்னைத் தயாரிக்கும் ஜீனையே 'போதும்பா' என்று நிறுத்தி, பகலில் சிதைந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்று சுமார் 24 மணி. பழ ஈக்களிடம் இதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு. செடியில் புரதங்கள் வேறு. தந்திரம் ஏறக்குறைய அதேதான்.

சென்னையில் நைட் ஷிப்ட் பார்க்கும் என் அக்கா பையன், பகலிலும் தூங்குவதில்லை. கேட்டால், "நம்ம பக்கத்துல மரமே தூங்காம நிக்கி, எனக்கென்ன மாமா?" என்கிறான். இந்தக் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலையை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லேயே 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்காக ராஜினாமா எழுத வேண்டாம். கடிகாரத்துக்குச் சாவி வெளிச்சம்தான். டூட்டி முடிந்து வந்ததும் ஜன்னலுக்குக் கனத்த திரை, செல்போனுக்கு ஓய்வு, தினமும் ஒரே நேரத்தில் படுக்கை.

பையனுக்குச் சொன்னேன்: "அந்த மரத்தடியில ஆழ்வார் உட்கார்ந்திருந்தார். உனக்கு அடியில இருக்கிறது சுழல் நாற்காலி. பேசாமப் படுத்துத் தூங்குலே!"