மண்ணும் முனைவர் பட்டமும்

மண்ணைக் குழைத்துக் கலம் செய்யும் தொழிலுக்கு முனைவர் பட்டம் எதற்கு என்று வினவுவார் உளர். பீங்கான் பொறியியல் என்றொரு துறை உண்டென்றும், அதில் பட்டம் பெற்ற பின்னரும் பல்லாண்டு ஆராய்வார் உண்டென்றும் கூறினால் அவர் நகைப்பர். இளமையின் நல்ல ஆண்டுகளை மண்ணோடும் தீயோடும் கழித்தல் வீண் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்துமா என்று பார்ப்போம்.

பீங்கான் என்றதும் உண்கலமும் குடிகலமுமே நம் நினைவிற்கு வரும். ஆனால், உலோகம் அல்லாத கனிமப் பொடிகளை உருவாக்கிச் சூளையில் இறுகச் சுட்டெடுக்கும் பொருள்கள் அனைத்தும் அவ்வினத்தைச் சார்ந்தனவே. செங்கல்லும் ஓடும் அக்குடும்பத்தின் மூத்த மக்கள். மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கி நிற்பதும், எஃகு உருக்கும் உலையின் உட்சுவராய் நின்று தீயைப் பொறுப்பதும், பழுதுற்ற பல்லுக்கு வெண்ணிற உறையாய் அமைவதும் அதன் இளைய மக்கள்.

இக்குடும்பத்திற்குப் பெருங்குறை ஒன்று உண்டு. அடித்தால் இரும்பு வளையும், பீங்கானோ உடையும். கண்ணுக்குப் புலனாகாத கீறல் ஒன்று உள்ளே இருப்பினும் போதும்; சுமை ஏறும்போது அக்கீறல் ஓடிக் கலத்தைப் பிளந்துவிடும். இந்த உண்மையைக் கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கண்ணாடியை ஆராய்ந்து 1921ஆம் ஆண்டில் விளக்கினார். அன்று முதல், கீறலைத் தடுப்பது எப்படி என்னும் வினா அறிஞர் பலரை ஆட்கொண்டது.

அவ்வினாவிற்கு அரியதொரு விடை 1975இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கார்வி என்பாரும் அவர்தம் தோழர் இருவரும் சிர்க்கோனியா என்னும் பொருளின் வியத்தகு இயல்பை எடுத்துரைத்தனர். கீறல் முன்னேறும்போது அதன் நுனியில் உள்ள நுண்மணிகள் தம் வடிவம் மாறிச் சற்றே பருக்கின்றன. பருத்து, கீறலை நெருக்கி மேலே செல்லவொட்டாமல் தடுக்கின்றன. அறிஞர் வியந்தனர்; மருத்துவர் மகிழ்ந்தனர். இடுப்பு மூட்டுத் தேய்ந்து நடக்க இயலாதவர்க்குச் சிர்க்கோனியாவால் ஆகிய உருண்டைகள் பொருத்தப்பட்டன. பலர் எழுந்து நடந்தனர்.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. சிர்க்கோனியா, மிதமான வெப்பத்தில் நெடுங்காலம் இருந்தால் மெல்லமெல்ல வலிமை குன்றும் என்று 1981இலேயே ஜப்பானிய ஆய்வாளர் கோபயாசி முதலியோர் கண்டறிந்தனர். ஈரம் அக்கேட்டினை விரைவுபடுத்தும் என்பதையும் ஆய்வுகள் காட்டின. மனித உடலோ ஈரம் நிறைந்தது. 1998ஆம் ஆண்டில், அவ்வுருண்டைகளைச் செய்து வந்த பிரெஞ்சு நிறுவனம் ஒன்று தன் சூளையை மாற்றியது. தொகுதி தொகுதியாய்ச் சுடும் சூளைக்கு மாறாகத் தொடர்ந்து சுடும் சுரங்கச் சூளை வந்தது. பொடி மாறவில்லை, சூளை மட்டுமே மாறிற்று. அடுத்த சில ஆண்டுகளில், அப்புதிய சூளையில் வெந்த உருண்டைகள் பல, நோயாளர் உடலுக்குள்ளேயே உடைந்தன. 2001 ஆகஸ்டில் அவை திரும்பப் பெறப்பட்டன. முன்பே துன்புற்றோர் மீண்டும் அறுவைக்கு ஆளாயினர்.

மாணவர்களே! இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? செய்யும் முறையை அறிவது ஓர் அறிவு; அம்முறை ஏன் பயன் தருகிறது என்று அறிவது மற்றோர் அறிவு. முன்னது இருந்தால் பொருள் உண்டாகும். பின்னது இல்லையேல் அப்பொருள் என்று நம்மைக் கைவிடும் என்பது தெரியாது. முனைவர் பட்டத்திற்குரிய ஆராய்ச்சி இவ்விரண்டாம் அறிவைத் தேடும் பயிற்சியேயாகும். அதனை நகையாடுவோர், தம் பல்லிலும் எலும்பிலும் அவ்வாராய்ச்சியின் பயனைச் சுமக்கும் காலம் இது.

சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிக் நகரில் 1982இல் முனைவர் பட்டம் பெற்றவர் பெட்னோர்சு. அவர்க்கு ஆராய்ச்சி வழிகாட்டியவருள் ஒருவர் முல்லர். ஆசிரியரும் மாணவருமாகிய இருவரும் பின்னர் ஒருங்கே உழைத்தனர். பீங்கான் மின்சாரத்தைத் தடுப்பது என்றே உலகம் பெரிதும் நம்பியிருக்க, 1986இல் பீங்கான் வகை ஒன்று கடுங்குளிரில் தடையே இன்றி மின்சாரத்தைச் செலுத்துவதை அவர்கள் கண்டனர். அதற்கு முன் அறியப்பட்டிருந்த எப்பொருளினும் உயர்ந்த வெப்பநிலையில் அஃது அவ்வாறு செலுத்திற்று. மறு ஆண்டே நோபல் பரிசு அவர்களை நாடி வந்தது.

எனினும், பரிசை எண்ணி இவ்வழியில் இறங்குதல் பேதைமை. ஆராய்வோருள் மிகப் பலர் சிறியதொரு வினாவிற்குச் சிறியதொரு விடையே காண்பர். பல திங்கள் உழைத்துச் செய்த பொருள் சூளையிலேயே வெடித்துப் போவதும் உண்டு. பெயருக்கு முன் எழுத்தொன்று சேர வேண்டும் என்பதற்காக மட்டும் வருவோர் அங்கே சலித்துப் போவர். விரைவில் பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில் உள்ளவர், பட்டயமோ பட்டமோ பெற்றுத் தொழிலில் இறங்குவதே தக்கது. அதற்கு நம் விருத்தாசலத்திலும் பீங்கான் தொழிற்கல்வி உண்டு. அதில் இழிவு சிறிதும் இல்லை. சூளையை நன்கு அறிந்த கையின்றி எந்த ஆராய்ச்சியும் நிறைவுறாது.

ஆனால், "இஃது ஏன் உடைந்தது?" என்னும் வினா உறங்கவொட்டாமல் உம்மைத் துன்புறுத்துமாயின், அஞ்சாது மேற்செல்க. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1894இல் தொடங்கிய இக்கல்வி, இன்று நம் நாட்டில் வாரணாசியிலும் ரூர்கேலாவிலும் முனைவர் பட்டம் வரை கற்பிக்கப்படுகிறது. கொல்கத்தாவில் 1950ஆம் ஆண்டு முதல் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது.

குயவரை வேட்கோ எனச் சங்க நூல்கள் வழங்கின. மண்ணையும் தீயையும் ஆள்வோனுக்கு அச்சொல் பொருந்தும். அவன் கை அறிந்ததை நம் அறிவும் அறிய முயல்வது அவனுக்குச் செய்யும் சிறப்பேயாகும். அம்முயற்சிக்குச் செலவிடும் ஆண்டுகள் வீண்போகா. உடையாத ஒரு மூட்டினால் ஒருவர் துன்பமின்றி நடப்பாராயின், அவ்வாண்டுகளுக்கு அதனினும் பெரிய பட்டம் வேண்டுவதில்லை.