எழுத்து வசப்படாத பிள்ளைகளும் நம் ஜகாத்தும்



‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று பெயர் வாங்கிய சிறுவர் நம் மஹல்லாக்கள் பலவற்றிலும் இருக்கின்றனர். மக்தபில் உஸ்தாத் ஓதக் கேட்ட சூராவைப் பிழையின்றி ஒப்பிப்பான். ஏட்டை விரித்து ஓதச் சொன்னாலோ, புள்ளிகளால் மட்டுமே வேறுபடும் பே, தே, ஸே என்னும் எழுத்துகளில் தடுமாறி நிற்பான். பள்ளிக்கூடத்தில் அவன் எழுதும் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். வாய்க்கணக்கில் வல்லவன், எழுத்துக் கணக்கில் தோற்பான். இத்தகைய பிள்ளையை அறிவில்லாதவன் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இதனை மருத்துவ உலகம் அறிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அறிவுத் திறனில் குறையில்லாத, ஆயினும் வாசிக்க இயலாத ஒரு சிறுவனைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 1896இல் எழுதினார். இன்று இதனை ‘டிஸ்லெக்ஸியா’ என்கின்றனர். இது சோம்பலன்று, பெற்றோர் செய்த பாவமுமன்று. பிரம்படியால் தீராது, மாத்திரையாலும் மாறாது. ஒலியையும் எழுத்தையும் இணைத்து, கண்ணால் கண்டு, காதால் கேட்டு, விரலால் வரைந்து, சிறுகச் சிறுகக் கற்பிக்கும் தனிப் பயிற்சியே இதற்கு வழி. சென்னையில் 1991இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இப்பிள்ளைகளுக்காகவே பணியாற்றி, ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது.

சட்டமும் காலம் தாழ்த்தியே விழித்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் கணக்கில் கொண்ட ஏழு வகைகளுள் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இருபத்தொரு வகைகளுள் ஒன்றாக இதனை ஏற்றது. உரிய சான்றிதழ் உடைய மாணவர் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் உதவியாளர் போன்ற சலுகைகளைக் கோரலாம்.

உரிமை இருக்கிறது, ஏழையின் கை அதனை எட்டுகிறதா என்பதே நம் கேள்வி.

மங்கலம்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே அமைந்த பேரூர். மாவட்டத் தலைமை அலுவலகங்கள் கடலூரில். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில். எங்கு சென்று திரும்பினும் ஒரு பகல் கழிந்துவிடும். சோதனைக்குக் கட்டணம் இல்லாதிருக்கலாம். ஆனால் பேருந்துக் கட்டணம் உண்டு, வழிச்செலவு உண்டு, அன்றைய கூலியின் இழப்பும் உண்டு. ‘இன்னொரு நாள் வாருங்கள்’ என்றால் அத்தனையும் மீண்டும் ஒருமுறை. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டில் இரண்டாம் பயணம் நடவாமலே போகும். சான்றிதழ் கிடைத்த பின்னரும் தனிப் பயிற்சிக்கு மாதந்தோறும் பணம் வேண்டும். இறுதியில் பிள்ளையை ஏதேனும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்த்துவிடுகின்றனர். பெண் பிள்ளையாயின், ‘வரன் அமையாதே’ என்றஞ்சிக் குறையை வெளியே சொல்வதுமில்லை.

இங்குதான் நம் தர்மத்திற்கு வேலை இருக்கிறது. ரமளானில் நம்மில் பலர் சேலைகளாகவும் சில்லறை நோட்டுகளாகவும் ஒரே நாளில் ஜகாத்தைப் பகிர்ந்து கடமை முடிந்ததென்று அமைதி கொள்கிறோம். பெற்றவருக்கும் அது ஒரு வாரச் செலவோடு முடிகிறது. எழுத்துத் தடுமாறும் பிள்ளைக்கு வேண்டுவது ஒரு நாள் ஈகையன்று. ஆண்டுக் கணக்கில் தொடரும் ஆதரவு. பத்து இல்லத்தார் மாதம் முந்நூறு ரூபாய் வீதம் ஒதுக்கினால் மூவாயிரம் ரூபாய் சேரும். ஒரு பிள்ளையின் பயணத்திற்கும் பயிற்சிக்கும் அது பெருந்துணையாகும்.

ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினரைத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. ஏழைகளும் வறியவர்களும் அதில் முதலிடம் பெறுகின்றனர். ஆகவே, வறிய பெற்றோரின் கையிலேயே ஜகாத்தைச் சேர்ப்பித்து, பிள்ளையின் தேவைக்கு உதவச் செய்யலாம். ஆசிரியர் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புதல், அவருக்கு ஊதியம் வழங்குதல் போன்றவற்றிற்கு ஸதகா நிதியைத் தனியே வைத்துக்கொள்வது நலம். மாதத் தவணையாக வழங்கும் முறை பற்றி உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஜமாஅத்தின் பைத்துல்மால் இதற்கென ஒரு கணக்குத் தொடங்கட்டும். அலுவலக நடைமுறை அறிந்த இளைஞர் ஒருவர் முதற்பயணத்தில் அந்தத் தாயுடன் துணைக்குச் செல்லட்டும்; விண்ணப்பத்தை நிரப்பித் தரும் கையும் ஸதகாவே. பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டாம். மேடையேற்றிப் படம் எடுக்கவும் வேண்டாம். பெற்றோரின் மானம் காக்கப்பட்டால்தான், மறைத்து வைத்திருக்கும் அடுத்த வீட்டுக் கதவும் திறக்கும்.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைவுகூருங்கள். கற்றுக்கொள்ள நாடி அவர் வந்த வேளையில், குறைஷித் தலைவர்களோடு உரையாடல் நடந்துகொண்டிருந்தது. நாடி வந்தவரே கவனத்திற்கு உரியவர் என்பதை உணர்த்தவே ‘அபஸ’ என்னும் 80ஆவது அத்தியாயத்தின் தொடக்கம் அருளப்பெற்றது. அவரே பின்னர் மதீனாவில் பாங்கு சொல்லும் பேற்றைப் பெற்றார். கற்க வந்த ஒருவரை ஒதுக்காமல் அரவணைத்ததன் பலன் அது.

உங்கள் மஹல்லாவிலும் அப்படி ஒரு பிள்ளை பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கலாம். இம்மாதமே விசாரியுங்கள். வல்ல அல்லாஹ் நம் பொருளிலும் அப்பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.