விலாசம் கேட்கும் இயந்திரம்

நாட்டின் நிர்வாகத்தை முழுவதும் டிஜிட்டல் மயமாக்கிவிட வேண்டும் என்ற உற்சாகம் கொழும்பில் இன்று உச்சஸ்தாயியில் ஒலிக்கிறது. 2025 பெப்ரவரியில் தொடங்கிய 'கவ்பே' வழியாக அரசுக்குச் செலுத்த வேண்டிய பணத்தைக் கைப்பேசியிலிருந்தே செலுத்தலாம் என்கிறார்கள். உள்ளூராட்சி மன்றங்களும் அதில் இணைந்துவருகின்றன. இந்தியா நன்கொடையாக அளிக்க இசைந்த 300 கோடி இந்திய ரூபாவைக் கொண்டு ஒவ்வொரு பிரஜைக்கும் டிஜிட்டல் அடையாளம் வழங்கும் திட்டம் தயாராகிறது. இவற்றில் எதையும் நான் விரோதிப்பவனல்ல. ஆனால் இதே திட்டங்களை நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களிலும் அப்படியே இறக்கிவைத்தால் சேவை தானாகப் பெருகிவிடும் என்று அதிகாரிகளும், அவர்களுக்குப் பின்பாட்டுப் பாடும் நம்மவர் சிலரும் பேசுவதைக் கேட்கும்போது மௌனமாயிருக்க இயலவில்லை. இந்த இயந்திரங்கள் யாவும் முதலில் கேட்பது விலாசத்தை. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தக் கேள்விக்குச் சொந்தமாக விடை சொல்ல இன்றும் வழியில்லை.

தோட்டத்தின் பெயர் ஒன்று, அதன் கீழ் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று ஒரு பிரிவு, அதற்கும் கீழே இருந்தால் லயத்துக்கு ஓர் இலக்கம். இவற்றுக்கு அப்பால் வீதியின் பெயரோ கதவிலக்கமோ இல்லாத குடும்பங்கள் ஹட்டனைச் சுற்றிலும் ஆயிரமாயிரம். தபால் தோட்டத்துக் காரியாலயத்தில் போய்க் குவிந்து, அங்கிருந்து எவர் கைமாறியோ லயத்துக்கு வந்து சேர்கிறது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை நடந்து முடிந்தபின் கிடைத்த பிள்ளைகளின் கதையைத் தலவாக்கலையிலும் கேட்கலாம், மஸ்கெலியாவிலும் கேட்கலாம்.

எங்கள் தோட்டத்து ஜனங்களை எண்ணிக் கணக்கெடுக்கும் சாஸ்திரம் இத்தீவுக்கு அறிமுகமில்லாதது என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். 1901ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த தகரச்சீட்டு முறையை இன்றைய கணினி வல்லுநர்கள் ஒருமுறை ஆராய்ந்து பார்க்க வேண்டும். தென்னிந்தியக் கிராமத்திலிருந்து புறப்படும் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட அந்தச் சிறு தகட்டில் அவன் பெயர் இராது. அவன் போய்ச் சேர வேண்டிய தோட்டத்தைக் காட்டும் குறியீடும், அவனுக்கென்று ஓர் எண்ணுமே பொறிக்கப்பட்டிருக்கும். முகாம் கடந்து, கடல் கடந்து, ரயிலேறி மலைக்கு வந்து சேரும்வரை வழிநெடுக அந்தத் தகடே அவனுக்காகச் சாட்சி சொன்னது. அவனுடைய வழிச்செலவும் அந்த எண்ணைக் கொண்டே உரிய தோட்டத்தின் கணக்கில் பற்றெழுதப்பட்டது. ஒவ்வோர் ஆளுக்கும் தனித்த எண், பிரயாணம் முழுவதும் பின்தொடரல், தானாகவே நடக்கும் கணக்குவைப்பு: இன்று கோடிக்கணக்கில் செலவிட்டு எதைச் செய்ய முயல்கிறார்களோ அதன் சாரம் முழுவதும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தகரத் துண்டில் அடங்கியிருந்தது. தோட்டத்தில் அவனுக்காகச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு காத்திருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எவர் நின்றார், எவர் நிற்கவில்லை, எவர் கூடையில் எத்தனை இறாத்தல் கொழுந்து என்பதெல்லாம் நாள் தவறாமல் எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த ஜனங்களை நாடற்றவர்களாக்கியபின், 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி இரு நாட்டுப் பிரதமர்களான ஸ்ரீமா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 975,000 பேரை எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தது. எஞ்சிய 150,000 பேரையும் பத்தாண்டுகளுக்குப் பின்னர் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு ஜனசமூகத்தை நாடு கடத்துவதற்காக இவ்வளவு நுட்பமாக எண்ணத் தெரிந்த அரசுகளுக்கு, அந்தச் சமூகம் தண்ணீர் பிடிக்கும் பீலிகள் எத்தனை, அவற்றில் கோடையில் வற்றுபவை எத்தனை என்று எண்ண வேண்டும் என்ற எண்ணம் ஒருபோதும் உதிக்கவில்லை.

ஆகவே தரவு இல்லை என்பது பொய். தரவு எப்போதும் இருந்தது. அது உழைப்பைப் பற்றிய தரவாக, தோட்டத் துரைமாரின் காரியாலயத்துக்குள் பூட்டிவைக்கப்பட்ட தரவாக இருந்தது. வாழ்க்கையைப் பற்றிய தரவைச் சேகரிக்க வேண்டிய பிரதேச சபைக்கோ சட்டமே குறுக்கே நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாதபடி கையைக் கட்டிப்போட்டிருந்தது. மாவட்டத்து ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் தோட்டப்புறத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த உறுப்பினர்களால் அவர்களுடைய லயத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டித்தர இயலவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. செலவிட அதிகாரமில்லாத சபை எதை அளந்து வைத்திருக்கும்? முப்பத்தொரு ஆண்டுகளாக எந்தத் தோட்டத்தின் குழாயும் பாதையும் சபையின் ஏட்டில் ஏறவில்லை என்றால் அது சோம்பலால் அல்ல, சட்டத்தால்.

இந்த இன்மைக்கு ஜனங்கள் செலுத்திய விலையை மீரியபெத்தையில் பார்த்தோம். கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அந்தத் தோட்டம் ஊவா மாகாணத்தைச் சேர்ந்தது எனினும் துயரம் மலையகம் முழுவதற்கும் பொதுவானது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. அங்கே ஆபத்து உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணின் சாஸ்திரம் தவறவில்லை. ஆனால் சரிவு நிகழ்ந்த அன்று, மண்ணுக்கடியில் இருப்பவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு நூற்றுக்கணக்கில் விடைகள் வந்தன. சில நாட்களில் அந்தத் தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியது. அந்த ஒரு வேறுபாடு சொல்வதைவிட அதிகமாக எந்த ஆணைக்குழு அறிக்கையும் சொல்லிவிட முடியாது. அங்கே யார் வாழ்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியவில்லை. இன்றும் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்று அந்த நிறுவனம் படிநிலை வகுத்து, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அறிவிக்கிறது. அறிவிப்பு நல்லதே. ஆனால் அம்பகமுவைக்கு எச்சரிக்கை என்று வானொலி சொன்னால், எந்தத் தோட்டத்தின் எந்தக் கணக்கில், எந்த லயத்தில் உள்ளவர் வெளியேற வேண்டும்? மழைமானியின் எண்ணை லயத்தின் இலக்கத்தோடு சேர்த்துவைக்கும் ஏடு இல்லாதபோது வானிலை சாஸ்திரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரி உதவித் திட்டமும் அப்படியே. வறியவரை 22 குறிகாட்டிகளைக் கொண்டு கணினி தெரிந்தெடுக்கும் என்றார்கள். பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. தனி வீட்டையும் தனி மின்மானியையும் மனத்திற்கொண்டு வகுத்த கேள்வித்தாள், ஒரே காம்பராவைத் திரை கட்டிப் பிரித்துக்கொண்டு வாழும் இரண்டு குடும்பங்களை எப்படி அளக்கும்?

இதற்கு எதிராகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள், பாதை போடுங்கள், தரவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. எங்கே தண்ணீர் இல்லை என்று எழுதிவைக்காமல் கொடுக்கப்பட்ட தண்ணீரெல்லாம் தலைவரின் ஆதரவாளர் வாழும் லயத்துக்கே போய்ச் சேர்ந்தது என்பதை இவர்கள் நன்றாக அறிவார்கள், அறிந்தே பேசுகிறார்கள். தோட்டத்துப் பதிவேடுகள் கம்பெனியின் உள்விவகாரம் என்பது இன்னொரு கட்சி. 1992இல் நிர்வாகத்தைக் கையேற்ற பெருந்தோட்டக் கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்தது அரச நிலத்தை. அந்த நிலத்தில் பிறக்கும் குழந்தையையும் ஓடும் ஊற்றையும் வியாபார இரகசியமாக்கும் உரிமையை எவரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அந்தரங்கம் பாதிக்கப்படும் என்று அஞ்சுபவர்களுக்கு, இதுநாள்வரை தங்கள் கடிதம் துரையின் காரியாலயம் வழியாக வந்த ஜனங்களிடம் அந்தரங்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வரும்படி சொல்வதைத் தவிர வேறு விடை வேண்டியதில்லை.

இது ஆகக்கூடிய காரியமா என்று ஐயுறுவோர் கேரளத்தைப் பார்க்கட்டும். கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரிப் பஞ்சாயத்தில், 1990களின் தொடக்கத்தில், சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களும் ஊராரும் தாங்களே கூடித் தங்கள் நிலத்தையும் நீரையும் வளங்களையும் வரைபடத்தில் ஏற்றினார்கள். 1996 ஓகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் கொடுக்கத் துணிந்ததற்கு இத்தகைய அனுபவங்களே அஸ்திவாரம். அவர்கள் ஊரை அறிவதற்கு இயந்திரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நம்மிடம் இன்று ஒவ்வொரு லயத்திலும் ஒரு கைப்பேசியாவது இருக்கிறது. உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

2018இல் இரண்டு சபைகளைப் பிரித்து ஆறாக்கியபோது நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்ற பெயர்கள் வந்தன. 2025 மே 6ஆந் திகதி அவற்றுக்குப் புதிய உறுப்பினர்கள் தெரிவாகியிருக்கிறார்கள். இந்த ஆறு சபைகளும் கைப்பேசிச் செயலி எதற்கும் ஒரு சதமேனும் ஒதுக்குவதற்கு முன்பு, ஒவ்வொரு காம்பராவுக்கும் கதவிலக்கமும் ஒவ்வொரு தோட்டப்பாதைக்கும் பெயரும் இட்டு, பீலி, மலசலகூடம், சரிவு, பிள்ளைக்காம்பரா, மருந்துச்சாலை யாவற்றையும் தமிழில் எழுதி, எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஓர் ஏட்டைச் சபையின் சொத்தாகத் தீர்மானம் நிறைவேற்றி உருவாக்க வேண்டும். கம்பெனி பதிவேட்டைத் தர மறுத்தால் குத்தகையை மறுபரிசீலனை செய்யும்படி அரசைக் கோர வேண்டும். இந்த ஏடு கைக்கு வந்த இரண்டே ஆண்டுகளில் தனிவீட்டுக்கான காணியை எவரும் மறுக்கவோ தாமதிக்கவோ முடியாத நிலை உண்டாகும் என்பது என் திடமான அபிப்பிராயம். அடுத்த வரவுசெலவுத் திட்டம் சபைகளின் முன்னே வைக்கப்படும் நாளில், இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவராத தவிசாளர் எவராயினும், அவருடைய கட்சி எதுவாயினும், அவரைத் தோட்டத்து ஜனங்கள் பிரட்டுக்களத்திலேயே நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும்.