மதிப்பெண் இல்லாத ஹலால்

நெய்வேலி நகரியத்தில் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் உழைத்து ஓய்வு பெறும் நம் சகோதரர்கள் சிலர், பணிக்கொடையைப் பிள்ளையின் மேலாண்மைப் பட்டயப் படிப்புக்கே செலவிடுகிறார்கள். அவன் எதில் தேர்வு எழுதுகிறான் என்று நாம் கேட்பதில்லை. வட்டிக்கு வரிச்சலுகை உண்டு, ஆகவே கடன் முதல் மலிவானது என்று நிதி மேலாண்மைத் தாளில் விடை எழுதுகிறான். முளாரபாவில் பண நஷ்டம் முதல் போட்டவரையே சேரும், உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார் என்பதைக் கேட்கும் வினாத்தாள் அரிது.

வட்டிக் கணக்கைக் கற்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. அறிந்தவனே விலக முடியும். நம் சமுதாய நிறுவனங்கள்கூட இஸ்லாமிய வணிக நெறியை ஒரு சிறப்புச் சொற்பொழிவோடு முடித்துக்கொள்வதே நமது குறை. மதிப்பெண் இல்லாத வகுப்பில் மாணவன் கைப்பேசிதான் பார்ப்பான்.

‘பல்கலைக்கழகம் அனுமதிக்காது’ என்ற சாக்கு இங்கே செல்லாது. ஏஐசிடிஇ அங்கீகாரத்துடன் தனித்து நடக்கும் முதுநிலைப் பட்டய நிறுவனங்கள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே வகுக்கின்றன. 1949இல் ஜம்ஷெட்பூரில் ஏசு சபையினர் தொடங்கிய எக்ஸ்எல்ஆர்ஐ அறநெறியைப் பாடமாகவே வைத்திருக்கிறது. நமக்கு என்ன தடை?

குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. அதையே தேர்வாக்கலாமே! கடைவீதியில் இரு பங்காளிகளுக்கு மாணவன் ஒப்பந்தம் வரையட்டும். முதல், உழைப்பு, இலாப விகிதம், நஷ்டம் அனைத்தையும் எழுதட்டும். ஒரு பட்டயக் கணக்காளரும் ஓர் ஆலிமும் குறுக்குக் கேள்வி கேட்டு, 100க்கு 40 மதிப்பெண்ணாவது இதற்கென ஒதுக்கட்டும்.

பெற்றோரே, கட்டணம் கட்டுமுன் சென்ற ஆண்டு வினாத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.