வெளிச்சம் ஒருவருக்கு, சாம்பல் மற்றொருவருக்கா?

இன்று 'வளர்ச்சி' என்ற சொல்லைக் கேளாத நாளில்லை. செய்தித்தாளைத் திறந்தால் வளர்ச்சி. மேடையில் பேசுவோர் வாயில் வளர்ச்சி. நம் ஊரில் எழும் அடுக்குமாடிகளின் விளம்பரப் பலகைகளிலும் வளர்ச்சி. வளர்ச்சி வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அதன் பலன் யார் வீட்டிற்குப் போகிறது, அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. மின்சாரம், பணம், தண்ணீர் என்னும் மூன்றையும் கொண்டு அக்கேள்வியை இங்கே கேட்க விரும்புகிறேன்.

நம் தாம்பரம் மின்சாரத்தோடு சேர்ந்து வளர்ந்த ஊர். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் ரயில் அதுவே. அந்த இருப்புப்பாதையின் இருபுறமும் இருந்த சிற்றூர்கள் படிப்படியாகப் புறநகரங்களாயின. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. கூடை சுமக்கும் பூக்கார அம்மாவும், கோப்பு சுமக்கும் அலுவலரும், புத்தகம் சுமக்கும் நாமும் அதே ரயிலில்தான் போகிறோம். ஒரே மின்சாரம் ஏழைக்கும் செல்வருக்கும் ஒன்றாக உழைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மின்சாரம் பிறக்கும் இடம்

சுவரில் உள்ள பொத்தானை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி சென்னையின் வடகோடியில் நிலக்கரியை எரித்துப் பெறப்படுகிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ஆம் ஆண்டு முதல் இயங்கி 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் நிலையமும் அப்பகுதியின் பெரிய நிலையங்கள். அங்கே எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்களின் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். அக்குழாய்களில் கசிவு ஏற்பட்டபோதெல்லாம் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. ஆழம் குறைந்தது, மீனும் இறாலும் குறைந்தன. கழிமுகத்தில் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் அவ்வூர் மக்கள்.

அவர்கள் வீட்டிலும் விளக்கு எரிகிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் வீட்டில் எரிவது இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும். தென்சென்னையின் பெரிய அலுவலகங்களிலும் வசதியான இல்லங்களிலும் இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓடுகிறது. அதிகம் எரிப்பவர்களுக்குச் சாம்பல் இல்லை. குறைவாக எரிப்பவர்களுக்குச் சாம்பல் முழுவதும். இது எந்தக் கணக்கில் நியாயம்?

பணம் போகும் வழி

2016-ஆம் ஆண்டில் தமிழக அரசு, வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நல்ல நோக்கம். ஆனால் வாடகைக்குக் குடியிருப்போர் பலரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரே மின் இணைப்பில் மூன்று குடித்தனங்கள் இருந்தால் எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகக் கூடிவிடும். கூடக் கூடக் கட்டணமும் மேல்படிக்கு ஏறும். பல இடங்களில் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் சொல்வதே விலை. மாடியில் குடியிருக்கும் உரிமையாளருக்கு இலவசம். கீழே ஓர் அறையில் குடியிருக்கும் தையற்காரருக்கு முதல் யூனிட்டிலிருந்தே காசு.

சூரிய சக்தியிலும் இதே கதைதான். 2024-ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு அமைப்போருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மாசு இல்லாத மின்சாரம் பெருக இது உதவும். ஆனால் மானியம் பெற முதலில் சொந்தக் கூரை வேண்டும். மீதித் தொகைக்குக் கையில் பணமோ வங்கிக் கடனோ வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வங்கி குறைந்த வட்டியில் கடன் தருகிறது. தள்ளுவண்டிக்காரரோ காலையில் தண்டல் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்பிக் கட்டுகிறார். வெயில் எல்லோருக்கும் பொதுவாக அடிக்கிறது என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். கூரை எல்லோருக்கும் பொதுவாக இல்லையே!

தண்ணீர் தேடி வரும் வீடு

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் சென்று, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போவது இயற்கை வகுத்த வழி. ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. அதில் சாலை வந்தது, குப்பைமேடு வந்தது. 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின் கணினி நிறுவனங்கள் பெருகப் பெருக, கட்டடங்களும் நெருங்கி வந்தன. 2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்பு உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் போனது போனதுதான்.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தது. மழை பணக்காரர் என்றும் ஏழை என்றும் பார்த்துப் பெய்யவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பின் வேற்றுமை தெரிந்தது. காப்பீடும் சேமிப்பும் உள்ளவர் மீண்டார். நனைந்த தையல் இயந்திரத்திற்கு யார் காப்பீடு தருவார்? ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் நகரிலிருந்து பெயர்க்கப்பட்டு, பெரும்பாக்கம் போன்ற இடங்களில் குடியேற்றப்பட்டனர். வெள்ளத்துக்கு அஞ்சிப் பெயர்க்கப்பட்டவர்களைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே குடிவைத்தோம். அவர்களின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன.

மறுப்பும் விடையும்

"வளர்ச்சி இல்லாவிட்டால் வேலை ஏது? மின்சாரம் இல்லாவிட்டால் உன் படிப்பு ஏது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெண்கள் பலர் இன்று சொந்தக் காலில் நிற்பதற்கு இந்த வேலைகளே காரணம். ஆலையை மூடு, விளக்கை அணை என்று நான் சொல்லவில்லை. பலனைப் பகிர்வது போலச் சுமையையும் பகிர்வோம் என்றே சொல்கிறேன். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், இயற்கையின் துன்பத்தையும் ஏழையின் துன்பத்தையும் தனித்தனியே பார்க்கலாகாது என்று அறிவுறுத்துகிறது. அதே ஆண்டின் இறுதியில் நம் ஊர் வெள்ளம் அதையே நமக்குக் காட்டிவிட்டது.

என்ன செய்யலாம்? முதலாவதாக, வாடகைக் குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் கிடைக்கச் செய்ய வேண்டும். இலவச யூனிட் அப்போதுதான் உரியவரைச் சேரும். இரண்டாவதாக, சூரியத் தகடுகளைத் தனி வீடுகளில் மட்டுமல்லாமல் பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகளின் மொட்டை மாடியிலும் பள்ளிகளின் கூரையிலும் அரசே அமைத்து, பலனைப் பொதுவாக்க வேண்டும். மூன்றாவதாக, ஏரிக்கும் சதுப்பு நிலத்துக்கும் உரிய இடத்தில் புதிய கட்டடத்திற்கு அனுமதியும் கடனும் தரலாகாது. நான்காவதாக, சாம்பல் படிந்த கழிமுகத்தைத் தூய்மையாக்கும் செலவை மின்சாரத்தின் விலையிலேயே சேர்க்க வேண்டும். அதிகம் எரிப்பவர் அதிகம் கொடுக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் குடியிருப்பவரிடம் மின்கட்டணம் வாங்கும்போது வாரியத்தின் ரசீதையும் காட்டுங்கள். மனை வாங்கும் முன், மழைக்காலத்தில் ஒருமுறை அவ்விடத்தைப் போய்ப் பாருங்கள்.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் ஒருத்தி பொறியாளர் ஆவாள்; ஒருத்தி வங்கி மேலாளர் ஆவாள்; ஒருத்தி மாநகராட்சி அலுவலர் ஆவாள். திட்டத்தின் வரைபடம் நம் மேசைக்கு வரும் அந்நாளில், "இதனால் எவ்வளவு வருமானம்?" என்று கேட்பதற்கு முன் "இதன் சாம்பல் எங்கே விழும்? இதன் தண்ணீர் யார் வீட்டிற்குள் போகும்?" என்று கேட்போம். விடை தெரிந்த பிறகே கையெழுத்திடுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி