அன்றாட நஞ்சும் என் ஒரு வரிக் குறிப்பும்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். காலையில் மசேர் ஜெபம் சொல்லித் தருவார். இந்துப் பிள்ளைகளும் சேர்ந்துதான் சொல்வோம். அன்றாட அப்பத்தைக் கேட்கும் இடத்தில் ‘நோத்ர் பேன் கொத்திதியேன்’ என்று வரும். ரொட்டிக்குப் பிரெஞ்சில் ‘பேன்’. கடவுளிடம் தினமும் பேன் கேட்கிறோமே என்று கடைசி பெஞ்சில் சிரித்து, மரஸ்கேலால் முட்டியில் வாங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பாரீசில் இருக்கும் மகள் லீவில் வந்தபோது ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தாள். அட்டையில் ‘நோத்ர் புவாசோன் கொத்திதியேன்’ என்று இருந்தது. அப்பம் இருந்த இடத்தில் நஞ்சு. எழுதியவர் மரி மொனிக் ரொபேன். 2011-ல் வந்த புத்தகம். அதே பெயரில் படமாகவும் ஆர்த்தே தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

இந்த அம்மாள் 1960-ல் பிரான்சின் மேற்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பத்திரிகைத் தொழில் படித்து, தென்னமெரிக்கா பக்கமெல்லாம் சுற்றிச் செய்தி சேகரித்தவர். 2008-ல் ‘மொன்சாந்தோவின் பார்வையில் உலகம்’ என்ற படமும் புத்தகமும் அவரை உலகம் அறியச் செய்தன. அமெரிக்காவில் ஆனிஸ்டன் என்ற ஊரில் அந்தக் கம்பெனி பி.சி.பி. என்ற ரசாயனம் தயாரித்தது. அதன் ஆபத்து கம்பெனிக்கு முன்பே தெரியும் என்பது வழக்கில் வெளியான அதன் சொந்தக் காகிதங்களிலேயே இருந்தது. ரொபேன் அந்தக் காகிதங்களைத் தேடிப் படித்து, மேற்கையெழுத்து போட்டவர்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்கிறார். பார்த்தபோது எனக்குத் தோன்றியது: இவர் செய்வது நம் குமாஸ்தா வேலையேதான், திசை மட்டும் வேறு. நான் கோப்பை மூடினேன், அவர் திறக்கிறார்.

‘அன்றாட நஞ்சு’ புத்தகத்தின் நடுநாயகம் ஓர் எண். ஒரு ரசாயனத்தை மனிதன் தினமும் எவ்வளவு உண்டால் கெடுதல் இல்லை என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ரெனே த்ருயோ என்ற பிரெஞ்சு நச்சியல் பேராசிரியர் 1950-களில் முன்வைத்த கருத்து. எலிக்குக் கொடுத்துப் பார்த்து, தீங்கு தெரியாத அளவைக் கண்டுபிடித்து, அதைப் பொதுவாக நூறால் வகுப்பார்கள். ரொபேன் கேட்பது எளிய கேள்விதான்: அந்த எலிக்குக் கொடுத்தது யார்? பெரும்பாலும் விற்கிற கம்பெனியே. பரிசோதனையின் முழுக் கணக்கைக் கேட்டால் வியாபார ரகசியம் என்று பதில் வரும்.

எண் மாறாதது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிளாஸ்டிக் பாத்திரங்களிலும் டப்பாக்களின் உட்பூச்சிலும் இருக்கும் பிஸ்பினால்-ஏ என்ற பொருளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் ஒரு அளவு வைத்தது. 2023-ல் அதே ஆணையம் அதை 20,000 மடங்கு குறைத்தது. இரண்டு எண்ணுக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் சாப்பிட்டவர்கள் சாப்பிட்டவர்கள்தான்.

இனி என் கதை. எண்பதுகளில் நான் வேலை பார்த்த இடத்தில் பூச்சிமருந்துக் கிடங்கு ஒன்று எங்கள் பொறுப்பில் இருந்தது. பி.எச்.சி. பவுடர் மூட்டை மூட்டையாக வரும். மஸ்தூர் ஒருவர் அதை வெறும் கையால் அள்ளி, சிறு பைகளில் நிறுத்துக் கட்டுவார். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பல வருஷம் அப்படிச் செய்தார். கை நடுக்கம் கண்டு, வேலைக்கு வர முடியாமல் போய், இறந்தும் போனார். வேலையால் வந்த நோய் என்று சொல்லி அவர் மனைவி நிவாரணம் கேட்டு மனு கொடுத்தார். கோப்பு என் மேஜைக்கு வந்தது. “பணிக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை” என்று ஒரு வரி எழுதினேன். மேலே மூன்று கையெழுத்து விழுந்தது. மனு தள்ளுபடி.

நான் எழுதியது பொய்யில்லை. கோப்பில் ஆதாரம் இல்லைதான். ஆனால் யாரும் தேடவும் இல்லை. கூலி வேலை பார்த்தவரின் மனைவி ஆதாரத்துக்கு எங்கே போவார்? அந்தப் பவுடரை 1997-ல் நம் அரசாங்கமே தடை செய்தது. சுற்றறிக்கையைப் படித்த அன்று அந்த அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த நோய் பவுடரால்தான் வந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. இல்லை என்று அன்று சொன்னதற்கும் எனக்குத் தகுதி இல்லை.

ரொபேன் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே போல் பிரான்சுவா என்ற விவசாயி வருகிறார். 2004-ல் மருந்துத் தொட்டியைத் திறந்தபோது ‘லாஸோ’ என்ற களைக்கொல்லியின் ஆவி முகத்தில் அடித்து நோயாளி ஆனவர். கனடா 1985-லேயே தடை செய்த மருந்து, பிரான்சில் 2007 வரை விற்றது. அவர் கம்பெனி மேல் வழக்குப் போட்டு, கோர்ட்டு கோர்ட்டாக ஏறி, 2020-ல்தான் முடிவாக ஜெயித்தார். நிலம் நீச்சு உள்ளவருக்கே இந்தப் பாடு.

ஆனால் அங்கே 2012-ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. பூச்சிமருந்தோடு பத்து வருஷம் புழங்கிய விவசாயிக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்தால், அதைத் தொழில் நோயாகவே ஏற்பது என்று அரசாணை போட்டார்கள். நோயாளி ஓடி ஓடி நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். என் கோப்பில் அப்படி ஒரு ஆணை இருந்திருந்தால் நான் எழுதிய வரி வேறாக இருந்திருக்கும்.

ரொபேன் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. கண் திருட்டைப் பற்றிய அவருடைய பழைய படத்துக்கு 1995-ல் அல்பேர் லோந்த்ர் பரிசு கிடைத்தபோது, அதில் வரும் ஒரு பையனுக்குப் பார்வை போனது நோயால்தான் என்று மருத்துவர்கள் மறுத்தார்கள். பரிசை நிறுத்திவைத்து, விசாரித்து, அடுத்த ஆண்டுதான் உறுதி செய்தார்கள். மொன்சாந்தோ படத்தில் நம் விதர்பா பருத்தி விவசாயிகளின் தற்கொலைக்கு பி.டி. விதையைக் காரணமாகக் காட்டுகிறார். அதே 2008-ல் வந்த ஒரு சர்வதேச ஆய்வு, விதை மட்டும் காரணம் அல்ல, கடனும் மழையும் சேர்ந்தது என்றது. குற்றம் சாட்டுபவரும் தப்பு செய்யலாம். ஆனால் அவர் சொன்னதைப் பொதுவில் சொல்கிறார், அதனால் நாலு பேர் மறுக்க முடிகிறது. என் ஒரு வரியை யார் மறுத்தார்கள்? அது கட்டுக்குள் போய்விட்டது.

என் அபிப்பிராயம் இதுதான். ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதுகிற ஒவ்வொரு குறிப்பிலும், தேடியது யார், எவ்வளவு நாள் தேடினார், செலவை யார் கொடுத்தார்கள் என்று இன்னொரு வரியும் இருக்க வேண்டும். விதியாகவே வைக்கலாம். இதைப் படிக்கிற என் வயதுக்காரர்கள் வீட்டில் அரசாங்க வேலையில் இருக்கும் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள்.

அந்த மனுவின் கோப்பு, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து எப்போதோ அழிக்கப்பட்டிருக்கும். அந்த அம்மாள் இருக்கிறாரா என்பதும் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.