விண்ணில் ஒரு கண், மண்ணில் ஒரு கண்

விண்வெளியிலேயே தொலைநோக்கிகள் வலம்வரத் தொடங்கிவிட்ட பின்னர், மலையுச்சிகளில் பொருளைக் கொட்டித் தொலைநோக்கி நிறுவுவது வீண் என்னும் கருத்து மாணவரிடையே பரவலாகக் காணப்படுகிறது. மண்ணில் நின்று காண இயலாத எதனை விண்ணிற் சென்று கண்டுவிடப் போகிறார்கள் என்று வினவும் பெரியோரும் நம்மிடையே உளர். இரு சாராரும் பாதி உண்மையையே பற்றி நிற்கின்றனர் என்பது என் கருத்து.

இதனை விளக்கத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. தோல் தொழிலால் நம் சமுதாயத்தார்க்கு நன்கு அறிமுகமான வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். 1990 ஏப்ரலில் விண்ணிற் செலுத்தப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடியோ 2.4 மீட்டர். ஏறத்தாழ ஒரே அளவு. ஆயின் இரண்டும் காணும் காட்சி ஒன்றன்று. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் கிடைப்பது ஒரு விகலை. நல்ல மலையுச்சியில் நின்று நோக்கினும், விண்மீனின் உருவம் ஏறக்குறைய ஒரு விகலை அளவுக்குப் பரந்து மங்கிவிடுகிறது. ஹப்பிளோ அவ்விகலையின் இருபதில் ஒரு பங்கையும் பிரித்துக் காட்ட வல்லது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஆடியன்று. நம் தலைக்கு மேலுள்ள காற்று. வெப்பமும் அடர்த்தியும் வேறுபட்ட காற்றுத் திரள்கள் ஓயாது அசைவதால் விண்மீனின் ஒளி அங்குமிங்கும் வளைகிறது. அதனையே நாம் மின்னுதல் என்கிறோம். கவிஞர்க்கு அம்மின்னல் அழகு. வானியலார்க்கோ அது பகை. தமிழ்த்துறை மலரில் இவ்வாறு எழுதுவதற்காகக் கவிஞர்கள் என்னைப் பொறுத்தருள்வார்களாக!

காற்று உருவத்தைக் கலைப்பதோடு நில்லாது, ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்தும் விடுகிறது. எக்ஸ் கதிர்கள் தரையை எட்டுவதே இல்லை. புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் ஓசோன் உறிஞ்சுகிறது. அகச்சிவப்புக் கதிரின் பெரும்பகுதியை நீராவி விழுங்குகிறது. இவை நம் உயிரைக் காக்கும் அரண்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்டத்தின் செய்திகளிற் பல, அவ்வரணுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. எனவேதான் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை 1999-இல் விண்ணிற்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

நம் நாட்டு முயற்சியும் சிறிதன்று. 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் புற ஊதாத் தொலைநோக்கியின் மூடி நவம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அடுத்த நாள் தாம்பரத்தில் என்ன நேர்ந்தது என்பதை இப்பகுதி மக்கள் எவரும் மறந்திரார். டிசம்பர் 2 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை; முடிச்சூர் முழுதும் வெள்ளக்காடு. கீழே நாம் கருமேகத்தின் அடியில் தத்தளித்த அதே வேளையில், 650 கி.மீ. உயரத்தில் நம் தொலைநோக்கி தெளிந்த வானில் கண் விழித்திருந்தது. மழையும் பகலும் விண்ணில் உள்ள கண்ணை மறைப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வெறும் 37.5 செ.மீ. ஆடி கொண்ட அக்கருவி, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் புற ஊதாக் கதிரைக் கண்டறிந்ததாக 2020-இல் அறிவிக்கப்பட்டது. காவலூரில் எத்துணைப் பெரிய ஆடியை நிறுவினும் அக்கதிர் அங்கு வந்து சேராது.

இனி மறுபக்கம். ஹப்பிளின் ஆடி தவறாகத் தீட்டப்பட்டிருந்தது என்பது, அது மேலே சென்ற பின்னரே தெரியவந்தது. அதனைச் சீர்செய்ய 1993 டிசம்பரில் வீரர்கள் விண்கலம் ஏறிச் செல்ல நேர்ந்தது. 2009-க்குப் பின் அதனைத் தொட்டுப் பழுது நீக்கியவர் எவருமிலர். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு ஆன செலவு ஏறத்தாழ 1000 கோடி டாலர். அது நிற்குமிடமோ 15 லட்சம் கி.மீ. அப்பால். காவலூர் ஆடியின் பூச்சு மங்கினால், அங்கேயே கழற்றி அலுமினியப் பூச்சிட்டு மீண்டும் பொருத்திவிடுகிறார்கள். அன்றியும், ராக்கெட்டின் தலைக்குள் அடங்கும் பொருளையே விண்ணிற்கு அனுப்ப இயலும். தரைக்கு அத்தகைய எல்லையில்லை. சிலி நாட்டில் 39 மீட்டர் ஆடியோடு ஒரு தொலைநோக்கி எழும்பி வருகிறது. காற்றின் அசைவுக்கேற்ப நொடிதோறும் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் ஆடிகளும் வந்துவிட்டன.

கொடைக்கானல் மற்றொரு பாடம். அங்கே நூறாண்டுக்கும் மேலாகக் கதிரவனைப் படம் பிடித்து வருகின்றனர். 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, கிரகணத்திற்குக் காத்திராமலே கதிரவனின் ஒளிவட்டத்தைக் காணக்கூடியது. இச்சிறப்பு கொடைக்கானலுக்கு இல்லை. ஆனால் நூறாண்டுப் பதிவை எந்தச் செயற்கைக்கோளாலும் இனிப் படைத்துவிட முடியாது. பாட்டனார் எழுதி வைத்த கணக்கேட்டைப் பேரன் புதிதாக எழுத இயலுமோ!

ஆகவே விண் தொலைநோக்கியின் மேன்மையை முழுமனத்தோடு ஏற்கும் நான், அதனைக் காட்டித் தரைத் தொலைநோக்கிகளுக்கு நிதியைக் குறைப்பதை ஏற்கேன். அதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். இந்நகரின் வானம் அன்று அத்துணை இருண்டிருந்தது. அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி 964-இல் வெறுங்கண்ணால் கண்டு, சிறுமேகம் என்று தம் நூலிற் குறித்த ஆண்ட்ரொமீடா மண்டலத்தை, இன்று தாம்பரத்து மொட்டைமாடியில் நின்று காண்பது அரிதிலும் அரிது. ஜி.எஸ்.டி. சாலையின் விளக்குகளும் விளம்பரப் பலகைகளும் வானையே வெளுத்துவிட்டன. பிறை பார்க்க மேற்கு நோக்கி நிற்கும் நம் பெரியோர், அடிவானத்தின் புகையையும் வெளிச்சத்தையும் நொந்துகொள்வதைக் கேளாதவர் யார்? விண்ணிற்குத் தொலைநோக்கி அனுப்புவதால் இவ்விழப்பு ஈடாகாது.

2021-இல் மாநகராட்சியாகிவிட்ட தாம்பரம், தெருவிளக்குகளின் ஒளி மேலே சிந்தாதவாறு மூடியிடச் செய்தல் வேண்டும். அதற்கு முன்னோடியாக நம் வளாகத்து விளக்குகளிலேயே தொடங்கலாம். ஹப்பிள், அஸ்ட்ரோசாட் ஆகியவற்றின் பதிவுகள் உரிய காலம் கழிந்ததும் எவரும் எடுத்தாளுமாறு பொதுவில் வைக்கப்படுகின்றன. கணிப்பொறியும் ஆர்வமும் உள்ள மாணவன் மேகத்தைப் பொருட்படுத்தாது ஆராயலாம். இயற்பியல் துறையினர் அவற்றை விளக்க, நம் தமிழ்த்துறை மாணவர் நல்ல தமிழில் எழுதட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரியில், இரு துறையாரும் முறைப்படி இசைவு பெற்று, ஒரே பேருந்தில் காவலூர் சென்றுவரலாம். மலையில் குளிர் மிகுதி, போர்வை மறவற்க.